பு. 27

மணி ஒண்ணே கால். மூணு மணிக்கு இன்ஜினியர் வந்து பாப்பார்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. கவர்மெண்ட் மூணு மணின்னா நாலாகும், நாலரையாகும். ஆனா என் ராசிக்கு ரெண்டரைக்கே வந்து நின்னாலும் நிப்பான். அதனால குளிச்சு, பொடவை மாத்தி, ஹால்ல ஜன்னலோரமா சேரைப் போட்டு உக்காந்தாச்சு. சோறு இறங்கல. ரெண்டு வாய் ரசஞ்சாதம், அதோட தட்டை மூடி வெச்சுட்டேன். ஹால் செவுத்துல இருந்த வெடிப்பை நேத்தே பட்டி வெச்சு அடைச்சு மேல சுண்ணாம்பு அடிச்சுட்டேன். நானே தான், ஸ்டூல் போட்டு ஏறி, அம்பத்தேழு வயசுல. ஆளைக் கூப்பிட்டா அவன் போய் டீக்கடையில சொல்லுவான், 'மாடி வீட்டம்மா செவுத்தைப் பூசுறாங்க, என்னமோ இருக்கு'ன்னு. இப்ப பாத்தா வெடிப்பு தெரியல, சுண்ணாம்பு தெரியுது. பழைய மஞ்சச் செவுத்துக்கு நடுவுல புது வெள்ளையா ஒரு பட்டை. ஐயோ, இதுக்கு வெடிப்பே தேவலையே. வர்றவன் கண்ணு நேரா அங்கதான் போகும். காலண்டரை மாட்டினா? அத்தனை உசரத்துல காலண்டர் எதுக்கும்மான்னு கேப்பான். கேக்கட்டும். எனக்கு கழுத்து நீளம்னு சொல்றேன். எங்கப்பா பொறந்த வீடு, நான் பொறந்த வீடு, அம்மா கண்ணை மூடின வீடு. கல்யாணம் காட்சின்னு எனக்கு ஒண்ணும் நடக்கல, நடந்ததெல்லாம் இந்த நாலு செவுத்துக்குள்ளதான். பூட்டி சீல் வெக்கறேன்னு வந்தா நான் எங்க போறது?

நோட்டீஸ் வந்து இன்னியோட பதினஞ்சு நாள். ஒரு புதன்கெழமை காலையில தோள்ல பை மாட்டினவன் ஒருத்தன் கீழ நின்னுக்கிட்டு "இருபத்தேழு யாரும்மா?"ன்னான். நான்தான்னேன். பின்ன? எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்த வீடு இருபத்தேழு. நெலைக்கு மேல நீலத் தகரத்துல இருபத்தேழு. அதுக்குக் கீழ ஒரு காலத்துல புதுசா ஒரு தகடு அடிச்சுட்டுப் போனாங்க, அதை எவ பாத்தா. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிச்சேன். 'தங்கள் கட்டடம் சிதிலமடைந்த நிலையில் இருப்பதாகத் தெரிய வருகிறது.' தெரிய வருகிறதாம்! தானா வருமா? கால் மொளைச்சு நடந்து போய் வார்டு ஆபீஸ் வாசல்ல நின்னு 'சார், நான் தெரிய வந்திருக்கேன்'னு சொல்லுச்சா? யாரோ போய்ச் சொன்னாத்தான் தெரிய வரும். மேல முகவரியில பேரு இல்ல, 'கட்டட உரிமையாளர், பு. 27, ஆறுமுக மேஸ்திரி தெரு'ன்னு போட்டிருந்துச்சு. மொதல் நாள் பதட்டத்துல நான் அதைக் கவனிக்கல. மறுநாள் காபி ஆத்தறப்பதான் சுருக்குன்னுச்சு. வெறும் இருபத்தேழு இல்ல, பு. இருபத்தேழு. பு-ன்னா என்ன? புகார்! இருபத்தேழாம் நம்பர் மேல புகார். எவனோ ஒரு கிளார்க் மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரியாம ஒரு எழுத்தை விட்டுட்டான். அன்னிலேர்ந்து அந்த ஒத்தை எழுத்து தொண்டையில மீன் முள்ளா நிக்குது. பல்லு வெளக்கினா பு. பால் பொங்கினா பு. வீடு விழுந்தாக்கூட விழட்டும், யாருன்னு தெரிஞ்சுட்டு விழட்டும்.

கீழ மூணு சக்கர மீன்பாடி வண்டிக்காரன் 'ஓரம், ஓரம்'னு கத்துறான். ஓரம் எங்க இருக்கு இந்தத் தெருவுல? ரெண்டு பக்கமும் பைக்கு, நடுவுல அட்டைப் பெட்டி, அதுக்கு நடுவுல மாடு. எங்க தெருவு பூரா கல்யாணப் பத்திரிகைக் கடை. அடுத்த தெரு பெருங்காயம், அதுக்கடுத்தது பூட்டு, கீல், தாப்பா. காத்து திரும்பினா எங்க வீட்டுக்குள்ளயே பெருங்காயம் மணக்கும், தாளிக்காமலே. பாரிஸ் கார்னர்ல பஸ்ஸ விட்டு எறங்கி வர்றவங்களுக்கு இங்க மேல மனுஷன் குடியிருக்கான்றதே தெரியாது. பத்திரிகை பாக்க வந்தவங்க தலையில எங்க துணி சொட்டினா, அண்ணாந்து பாத்து "இங்க வீடெல்லாம் இருக்குதா!"ன்றாங்க. இருக்குதும்மா. மின்ன நாப்பது வீட்ல அடுப்பு எரிஞ்சுது, இப்ப ஏழு. ஒண்ணொண்ணா அம்பத்தூர், மாதவரம், கொளத்தூர்னு கெளம்பிட்டாங்க. ஒரு ஜன்னல்ல துணி காயலன்னா அடுத்த மாசம் அது குடோன். மொதல்ல ஒருத்தன் குடிக்கத் தண்ணி கேட்டு வருவான். தண்ணியக் குடிச்சுட்டு செவுத்தைத் தட்டிப் பாப்பான், 'ஸ்ட்ராங்கா கட்டியிருக்காங்க'ன்னுவான். அடுத்த வாரம் 'எத்தனை சதுரடிம்மா'ன்னுவான். சாயந்திரம் ஷட்டர் எல்லாம் படபடன்னு எறங்கினா தெரு செத்துப் போயிடும், அந்த ஏழு வீட்டு டிவி சத்தம் மட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். அந்த ஏழு பேர்ல யாரு எப்ப கழண்டுக்குவாங்கன்னு மத்த ஆறு பேரும் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாப்போம். இங்க அண்ணாந்து பாக்கறவன் எல்லாம் அளவெடுக்கறவன்தான். மாடியில ஒரு காக்கா உக்காந்தாக்கூட யாரு அனுப்பின காக்கான்னு யோசிக்க வேண்டியிருக்கு.

மணி ஒண்ணே முக்கால். புகார் குடுத்தது மங்கிலாலா இருக்குமோன்னு மொதல்ல நெனைச்சேன். கீழ கடை வெச்சிருக்கறவர். எங்கப்பா காலத்து வாடகைதாரர். சிரிச்சுக்கிட்டே கும்புடு போடுவார், அந்தச் சிரிப்பை நான் என்னிக்கும் நம்பினதில்ல. கட்டுக் கட்டா பத்திரிகை அட்டையை உத்தரம் வரைக்கும் அடுக்கி வெச்சு பாரம் ஏத்தறதே அவர்தான். ஆனா வீட்டுக்கு சீல் வெச்சா அவர் கடைக்கும் தானே சீல்? தான் உக்காந்த கிளையை வெட்டற அளவுக்கு அவர் ஏமாளி இல்ல. அப்புறம் தயாளன். என் தம்பி, பெங்களூர்ல இருக்கான். நோட்டீஸ் வந்த அதே வாரம் போன் பண்ணி "வீடு எப்படிக்கா இருக்கு?"ன்னான். நான் எப்படி இருக்கேன்னு கேக்கல பாரு, வீடு எப்படி இருக்கு! 'உன்னை மாதிரி தான், நின்னுக்கிட்டு இருக்கு'ன்னேன். சிரிச்சான். அவனுக்குக் கை வலிக்காம வீடு கைக்கு வரணும். ஆனா அவன் சோம்பேறி. ஒரு லெட்டர் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, போஸ்ட் பண்ற சாமர்த்தியம் அவனுக்கு இருந்தா அம்மா காரியத்துக்கே ஒரு நாள் மின்ன வந்திருப்பான். அவனும் இல்ல. சுத்திச் சுத்தி, வேண்டாம் வேண்டாம்னு தள்ளித் தள்ளி, மனசு போய் நிக்கற எடம் அந்தச் செவுரு. இதோ, நான் சுண்ணாம்பு அடிச்ச இந்தச் செவுரு. இது பாதி என்னுது, பாதி வேணிக்காவுது.

கமலவேணி. எனக்கு எட்டு வயசு பெரியவ. பொதுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் முப்பத்தஞ்சு வருஷமா இருக்கு. கல்யாணம் ஆகி அது இந்தத் தெருவுக்கு வந்தப்ப நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைக்குச் சேந்த புதுசு. டிரங்க் கால் ஆபரேட்டர். காதுல ஹெட்போனை மாட்டினா ஊர்ல யாரு யாரோட பேசறா, யாரு அழறா, யாரு பொய் சொல்றா எல்லாம் வந்து விழும். கேக்கக் கூடாது, ஆனா கேக்கும். 'லைன்ல இருக்கீங்களா'ன்னு கேக்கற சாக்குல கேப்போம். வேலை போய், எக்ஸ்சேஞ்சும் போயாச்சு, காது மட்டும் போகல. இந்தச் செவுத்துல சமையல்கட்டுப் பக்கம் நின்னா வேணிக்கா கடுகு தாளிக்கறது கேக்கும், போன் பேசறது கேக்கும். போன மாசம் நாயித்துக்கெழமை, தெரு அடங்கிக் கெடந்துச்சு. ஓசூர்ல இருக்கற பையன்கிட்ட அது பேசுது. 'செவுரு'ன்னு கேட்டுச்சு. 'மழை'ன்னு கேட்டுச்சு. அப்புறம் தெளிவா, 'போயிட்டா... கிரிஜா ஒண்டியா...' அதுக்கப்புறம் பாழாப்போன குக்கர் விசில். விசில் அடங்கினப்பறம் 'அவகிட்ட இப்ப சொல்லாதே'ன்னு கேட்டுச்சு. யாரு போயிட்டா? அந்தக் கிரிஜா நான்தானே, நான் போயிட்டான்னா? என்ன சொல்லக் கூடாது என்கிட்ட? ரெண்டு வாரத்துல நோட்டீஸ். இதைச் சேத்துப் பாக்க நான் என்ன பச்சைக் கொழந்தையா? பையனுக்கு ப்ரமோட்டர் சகவாசம் இருக்கும். ரெண்டு வீட்டையும் சேத்து இடிச்சாத்தான் அகலம் வரும், ஒத்தை வீடு யாருக்கும் உபயோகமில்ல. நான் நகர மாட்டேன்னு அதுக்குத் தெரியும். அப்ப என்ன பண்ணும்? புகார் பண்ணும். அம்மா போனப்ப ராவெல்லாம் தலைமாட்டுல உக்காந்திருந்ததே அந்தக் கை, எனக்கு டைபாய்டு வந்தப்ப கஞ்சி ஊத்தினதே அந்தக் கை, அந்தக் கையாலயான்னு ஒரு நிமிஷம் நம்ப முடியல. அடுத்த நிமிஷமே, அம்பது தரம் இந்த வீட்டுக்குள்ள வந்து போனதே அளவு பாக்கத்தானோன்னு தோணிடுச்சு. ஒரு தடவை தோணினா அவ்வளவுதான். அப்புறம் அது குடுக்கற கொழம்புல கூட உப்பு வேற மாதிரி இருக்கு.

பத்து நாளா நான் அது வீட்டுப் பக்கம் போகல. "என்னடி, மொகத்தையே காணோம்"னு மாடிச் செவுத்தைத் தாண்டிக் கேட்டுச்சு. மூட்டு வலின்னேன். "நொச்சி எலை கொண்டு வரட்டா?"ன்னுச்சு. வேணாம்னேன். நடிப்பைப் பாரு, நொச்சி எலை! நோட்டீஸ் விஷயத்தை மூச்சு விடல நான். விட்டா உஷாராயிடும். அதுக்குப் பதிலா நானும் எழுதினேன். ஏன் எழுதக் கூடாது? ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமாத் தெரிவிக்கலாம்னு நோட்டீஸ்லயே இருக்கு. வெள்ளைக் காகிதத்துல, மடிப்பு விட்டு, முத்து முத்தா எழுதினேன். எங்கள் கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, உண்மையில் ஆபத்தான நிலையில் இருப்பது அடுத்த வீடுதான்னு எழுதினேன். அடுத்த வீட்டு மொட்டை மாடியில அரசங்கன்னு மொளைச்சிருக்கறதை எழுதினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். பேனா நிக்கல. சமையல்கட்டுப் பரணுக்கு மேல விரல் நொழையற வெடிப்பு, மழை பேஞ்சா அதுல தண்ணி வழியறது, எல்லாத்தையும் எழுதினேன். அந்த வெடிப்பு எனக்கு எப்படித் தெரியும்? போன ஐப்பசியில வேணிக்காதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுச்சு. 'பையன்கிட்ட சொல்லாதடி, உடனே மூட்டையைக் கட்டுன்னுவான், உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்'னுச்சு. சொன்னா என்ன? அது பண்ணினதுக்கு இது. வார்டு ஆபீஸ்ல குடுத்து சீல் போட்டு நகல் வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியில கரும்பு ஜூஸ் வாங்கிக் குடிச்சேன். அன்னிக்கு ஒரு நாள்தான் பதினஞ்சு நாள்ல நல்லாத் தூங்கினேன்.

மூணு அஞ்சு. கீழ ஸ்கூட்டர் நிக்கற சத்தம். ஜன்னல்ல எட்டிப் பாத்தா ஒரு சின்னப் பொண்ணு, ஹெல்மெட்டைக் கழட்டி, ஃபைலை எடுத்து அக்குள்ல வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குது. கழுத்துல அட்டை தொங்குது. இன்ஜினியர் பொம்பளையா! நல்லதாப் போச்சு, பொம்பளைன்னா பேசிடலாம். பொடவையை இழுத்து விட்டுக்கிட்டு மாடிப்படி சத்தத்துக்குக் காத்திருக்கேன். படியில செருப்புச் சத்தம் கேக்குது. ஆனா என் படியில இல்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது. "வாம்மா, வா, வெயில்ல வந்திருக்கே, மோர் குடிக்கறியா?" வேணிக்கா குரல். பாத்தியா! பாத்தியாடி கிரிஜா! நேரா புகார் குடுத்தவ வீட்டுக்கு! மொதல்ல அங்க மோர் குடிச்சு, கதை கேட்டு, அப்புறம்தான் இங்க வந்து சீல். நேர்லயே கேட்டுடறேன், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு. படியில தடதடன்னு எறங்கினா பத்திரிகைக் கட்டு வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. மங்கிலால் "என்னம்மா அவசரம்?"ன்றார். கட்டைத் தாண்டிக்கிட்டு வேணிக்கா படியில ஏறிட்டேன்.

வேணிக்கா ஹால்ல ஊஞ்சப் பலகையில அந்தப் பொண்ணு உக்காந்திருக்கு, கையில மோர் டம்ளர். என்னைப் பாத்ததும் வேணிக்கா மொகம் மலந்து போச்சு. "நல்ல நேரத்துல வந்தேடி. கார்ப்பரேஷன்ல இருந்து வந்திருக்காங்க, வீட்டைப் பாக்கணுமாம், நோட்டீஸ் அனுப்பினாங்களாம், எனக்கு ஒண்ணும் வரலியே, நீ கொஞ்சம் கேளு." நான் வேணிக்காவைப் பாக்கல. அந்தப் பொண்ணுகிட்டதான் கேட்டேன், குரல் எனக்கே கிறீச்சுன்னு கேட்டுச்சு.

"இருபத்தேழு நான்தான். நோட்டீஸ் எனக்குத்தான் வந்தது. இங்க ஏன் வந்தீங்க?"

பொண்ணு ஃபைலைப் பாத்துச்சு. "நீங்க பக்கத்து வீடாம்மா? உங்களுது இருபத்தொம்போது. இதுதான் பு. இருபத்தேழு."

"பு-ன்னா?"

"புதிய எண்மா." சாதாரணமா சொல்லுச்சு. "இது பழைய இருபத்தஞ்சு, புதிய இருபத்தேழு. உங்களுது பழைய இருபத்தேழு, புதிய இருபத்தொம்போது. இந்த ஏரியா பூரா இதே கொழப்பம்தான். நோட்டீஸ் உங்க கைக்கு வந்துடுச்சா? அப்ப இவங்ககிட்ட குடுத்திருக்கலாமேம்மா."

புதிய எண். ப. எண், பு. எண். இந்த ஊர்ல பொறந்த கொழந்தைக்குத் தெரியும். பேங்க்ல, கேஸ் ஆபீஸ்ல, ஓட்டர் லிஸ்ட்ல, எத்தனை பாரத்துல எழுதியிருப்பேன் என் கையால, பழைய இருபத்தேழு, புதிய இருபத்தொம்போதுன்னு. ஆனாலும் விடல பாரு எனக்கு. "அப்ப யாரோ இந்த வீட்டு மேல புகார் குடுத்திருக்காங்களா?"ன்னு கேட்டேன்.

"புகாரா? அதெல்லாம் இல்லம்மா. மழைக்கு மின்ன வருஷா வருஷம் நாங்களே தெருவுல நடந்து பழைய கட்டடமாப் பாத்து லிஸ்ட் எடுப்போம். மாடியில செடி மொளைச்சிருந்தா எழுதிடுவோம். செடியப் பிடுங்கி பூசிட்டா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம்."

"அவ்ளோதானா! நாளைக்கே ஆள் வெக்கறேன்." வேணிக்கா சிரிச்சுடுச்சு. "எம் பையன் ஓசூருக்கு வா வான்னு உயிரை எடுக்கறாம்மா. செவுரு மழைக்குத் தாங்காதுன்றான். நான் போயிட்டா கிரிஜா ஒண்டியா இருப்பாளேன்னுதான் தள்ளிட்டே வர்றேன். இவகிட்ட சொல்லாதடான்னு வெச்சிருந்தேன், இப்ப நானே ஒளறிட்டேன் பாரு." என் தோள்ல கையைப் போட்டுச்சு. அந்தக் கை கனம் தாங்கல எனக்கு.

பொண்ணு டம்ளரைக் கீழ வெச்சுது. "ஆனா ஒரு விஷயம்மா. வெளிய பாத்து எழுதினதுன்னா இதோட முடிஞ்சுடும். நடுவுல அக்கம்பக்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. உள்ள பெரிய விரிசல் இருக்குன்னு. எழுத்து மூலமா வந்துட்டா நான் பாக்காம விட முடியாது. இருந்துச்சுன்னா காலி பண்ணச் சொல்லித்தான் எழுதணும், மழை நேரத்துல உயிர் விஷயம்." ஃபைல்லேர்ந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை உருவி வேணிக்கா கையில குடுத்துச்சு. மடிப்பு விட்டு, முத்து முத்தா.

வேணிக்கா அதைத் தூரத்துல பிடிச்சு, கிட்டத்துல பிடிச்சுப் பாத்துச்சு. அது படிச்சது தெலுங்கு மீடியம். தமிழ் பேசும், படிக்க வராது. கரண்ட் ஆபீஸ் காகிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, அதுக்கு வர்றது எல்லாம் நான்தான் படிச்சுச் சொல்லுவேன். காகிதத்தை என்கிட்ட நீட்டுச்சு. "யாரு எழுதினதுன்னு பாரு. நான் யாருக்கு என்ன பண்ணேன்? படிடி."

படிச்சேன். எக்ஸ்சேஞ்சுல சாவுச் செய்தி சொல்றப்ப குரலை ஏத்தாம எறக்காம வெச்சுக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்படிப் படிச்சேன். ஐயா. எங்கள் கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. உண்மையில் ஆபத்தான நிலையில் இருப்பது அடுத்த வீடுதான். மொட்டை மாடியில் அரசமரம். வேணிக்கா கை என் தோள்லதான் இருந்துச்சு. சமையலறைப் பரணுக்கு மேல், விரல் நுழையும் அளவுக்கு. அங்க கொஞ்சம் தடுக்குச்சு எனக்கு. விட்டுட்டுப் படிக்கலாம், அதுக்கு என்ன தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அந்தப் பொண்ணு இல்லாட்டியும் என்னால முடிஞ்சிருக்காது. படிச்சேன். தோள்லேர்ந்து கை எடுபட்டுச்சு. மெதுவாத்தான். உதறல.

"முடிச்சுட்டியா?"ன்னுச்சு.

"இல்ல."

"கீழ பேர் போட்டிருக்குமே. படி."

"இப்படிக்கு"ன்னேன். "ச. கிரிஜா"ன்னேன். பழைய எண் இருபத்தேழுன்னு அதுல நான் எழுதியிருந்ததையும் படிச்சேன்.

கீழ 'ஓரம், ஓரம்'னு கத்துறான். நோட்டீஸ் எனக்குன்னு நெனைச்சுட்டேங்க்கா, நீதான் புகார் குடுத்தேன்னு நெனைச்சுட்டேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, நான் பண்ணினதை விட நெனைச்சது பெரிசாத் தெரியும். வேணிக்கா என்னைத் திட்டும், மயிரைப் பிடிச்சு அறையும்னு நின்னேன். அறைஞ்சிருந்தா கால்ல விழுந்திருப்பேன். அது என்னைப் பாக்கவே இல்ல. முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, காலி மோர் டம்ளரை எடுத்துக்கிட்டு, இன்ஜினியர் பொண்ணுகிட்ட, "பரண் இந்தப் பக்கம் இருக்கும்மா, தலை இடிக்கும், குனிஞ்சு வா"ன்னு சொல்லிக்கிட்டே சமையல்கட்டுக்குள்ள போச்சு.